தானாக அணையும் கணிப்பொறி



பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணிப்பொறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துபோவதாகப் பல குடும்பங்களில் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கடையில் முழுதாக வாங்கியதென்றால் உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டில் பூட்டியதற்கு அவ்வழி இல்லை. பாகத்திற்கு ஒரு சீட்டு உண்டு; ஆனால் எந்தப் பாகம் பழுது என்பதை நாம்தான் கண்டு சொல்ல வேண்டும். அது தெரியாதபோது வீட்டில் யார்மேலாவது பழி விழுகின்றது. எங்கள் ராத்தா வீட்டில் அது எட்டு வயதுப் பையன்மேல் விழுந்தது.

மச்சான் வளைகுடா நாட்டில் இருக்கின்றார். பொறியியல் கல்லூரியில் படிக்கும் மூத்த மகன், வாப்பா அனுப்பிய பணத்தில் மதர்போர்டு, புராசஸர், ராம், எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் எனத் தனித்தனியாக வாங்கிவந்து, கூடத்துப் பாயில் பரப்பி வைத்து ஒரே நாளில் பூட்டி முடித்தான். ஓராண்டுக் காலம் அது குறைவின்றி ஓடிற்று. பகலில் அவன் தங்கை பதிப்பகம் ஒன்றுக்குப் பக்கங்களைத் தட்டச்சு செய்து தருவாள். அந்த வருவாயில்தான் அவளுடைய கல்லூரிக் கட்டணம். இரவில் மூத்தவன் கட்டட வரைபடங்கள் வரைவான்.

பெருநாளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அதன்பின் பத்து நாளில் கணிப்பொறி அணையத் தொடங்கிற்று. ஒரு நாள் காலை முழுதும் அவள் தட்டச்சு செய்து, இன்னும் சேமித்து வைக்காதிருந்த பதினோரு பக்கங்கள் ஒரு நொடியில் போய்விட்டன. அப்போது மேசைக்கடியில் இளையவன் விளையாடிக்கொண்டிருந்தான். கேபினெட்டின் முகப்பில் நீல விளக்கெரியும் சுவிட்ச், அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றது. பள்ளி விடுமுறை விட்டதும் கணிப்பொறி அணையத் தொடங்கியதும் ஒரே வாரத்தில். வேறென்ன சாட்சி வேண்டும்? ராத்தா கை நீட்டிவிட்டார்.

அன்று மாலை நான் சென்றபோது பையன் மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூத்தவனோ இரண்டு இரவுகள் கண்விழித்து விண்டோஸை அடியோடு அழித்து மறுபடி ஏற்றியிருந்தான், பயனில்லை. கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, "மதர்போர்டு போயிருக்கும், ஏழாயிரம் கொண்டு வாருங்கள், மாற்றிவிடலாம்" என்றாராம். கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்ன மருத்துவம் அது. மச்சானுக்குப் பணம் கேட்டுச் செய்தி அனுப்பவிருந்த நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

நான் கலைப் பட்டதாரி, மின்னணுவியல் படித்தவனல்லன். எங்கள் மத்ரஸா அலுவலகத்துக் கணிப்பொறியைப் பராமரிக்க வேறு ஆளில்லாததால், விழுந்தெழுந்து கற்றுக்கொண்டது கொஞ்சம். ஆயினும் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது தெரியும். "நீ சுவிட்சைத் தொட்டாயா?" என்று அவனிடம் கேட்கவில்லை. "அணைந்தபோது என்ன பார்த்தாய்?" என்றேன்.

"உள்ளே காத்தாடி சத்தம் பெரிசாச்சு மாமா. அப்புறம் எல்லாம் நின்னுபோச்சு. மேலே டிவியிலே மட்டும் சின்ன வெளக்கு எரிஞ்சிச்சு" என்றான். மானிட்டரை அவன் டிவி என்றுதான் சொல்வான்.

வாசகர்களே, இந்த மறுமொழியில் பாதி வைத்தியம் அடங்கியிருந்தது. சற்று விரித்துச் சொல்லுகின்றேன்.

கேபினெட்டும் மானிட்டரும் ஒரே யு.பி.எஸ்.ஸிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. யு.பி.எஸ். கைவிட்டிருந்தாலும், சுவரிலுள்ள பிளக் தளர்ந்திருந்தாலும், மேசைக்கடியில் கிடக்கும் பலகையின் சுவிட்சைப் பையன் காலால் தட்டியிருந்தாலும் இரண்டும் சேர்ந்தே அணைந்திருக்க வேண்டும். மானிட்டரின் விளக்கு எரிந்தது என்றால் பழுது கேபினெட்டுக்குள்ளே இருக்கின்றது.

அடுத்து, முகப்புச் சுவிட்ச். இது சுவர் சுவிட்சைப் போல மின்சாரத்தை வெட்டுவது அன்று. மதர்போர்டுக்குச் சைகை மட்டுமே கொடுக்கின்றது. ஒரு தடவை தட்டினால் விண்டோஸ் முறைப்படி மூடிக்கொள்ளும், அல்லது உறக்க நிலைக்குப் போகும். சட்டென்று இருண்டுபோக வேண்டுமானால் ஏறத்தாழ 4 விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். விளையாடுகின்ற பிள்ளையின் கை பட்டதனால் அப்படி நேராது. சுவிட்ச் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டு தானாகவே அழுந்தி நிற்பதும் உண்டு. அதைச் சோதிப்பது எளிது: கணிப்பொறி ஓடத் தொடங்கியபின், மதர்போர்டின் ஓரத்தில் சுவிட்சின் இரண்டு கம்பிகள் வந்து சேரும் சிறு செருகியை மட்டும் உருவிவிட வேண்டும். அதன்பின் சுவிட்சை யார் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

மூன்றாவது, காற்றாடிச் சத்தம். புராசஸர் சூடேறினால் அதன் மேலுள்ள காற்றாடி வேகமெடுக்கும். அப்படியும் சூடு தணியாவிட்டால், ஏறத்தாழ 100 டிகிரியை ஒட்டி, புராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிச் சைகை அனுப்பிவிடும். கணிப்பொறி அணைவது அங்கே பழுது அன்று, காப்பு. இந்தக் காப்பு எல்லாக் காலத்திலும் எல்லாப் புராசஸர்களிலும் இருந்ததில்லை. 2001ஆம் ஆண்டில் 'டாம்ஸ் ஹார்டுவேர்' என்னும் இணைய ஏடு, ஓடிக்கொண்டிருக்கும் புராசஸர்களின் தலையிலிருந்து குளிர்விப்பானைக் கழற்றிப் படம் பிடித்துக் காட்டிற்று. பென்டியம் 4 மெதுவாக நடந்து தப்பித்தது, ஏ.எம்.டி.யின் அத்லான் புகைந்து கருகிற்று.

"இப்போது வேகம் எப்படி?" என்று மூத்தவனிடம் கேட்டேன். இரண்டு வாரமாகவே மந்தமாக இருப்பதாகவும், அதனால்தான் வைரஸ் என்றெண்ணி விண்டோஸை மாற்றியதாகவும் சொன்னான். தட்டச்சு செய்யும்போது அரைமணி நேரம் தாங்குகின்றது. வரைபடம் வரைந்தால் ஐந்து நிமிடம். அணைந்தவுடன் மறுபடி போட்டால் அதைவிட விரைவில் அணைகின்றது. நேரம் கழித்துப் போட்டால் கூடுதலாகத் தாங்குகின்றது. வேலை கனக்கக் கனக்க விரைந்து அணைவதும், ஆறவிட்டால் தாங்குவதும் சூட்டின் குணம்.

விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்றொரு நிகழ்ச்சிக் குறிப்பேடு உண்டு. அதில் 'கெர்னல் பவர் 41' எனச் சிவப்பாக ஒரு பதிவு இருந்தது. மூத்தவன் அதைப் பார்த்துவிட்டு, பவர் என்று வருவதால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டதென்று முடிவு கட்டியிருந்தான். பலரும் இப்படித்தான் ஏமாறுகின்றார்கள். முறைப்படி மூடப்படாமல் நின்றுபோயிற்று என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்லுவதில்லை. அதற்குள் 'பக்செக் கோடு' என்னும் இடத்தில் சுழியம் இருந்தால், விண்டோஸ் தன் பிழையாக எதையும் எழுதி வைக்க நேரமில்லாமல் அணைந்தது என்று பொருள். அங்கே சுழியம்தான் இருந்தது.

எனவே விண்டோஸையே ஒதுக்கிவிட்டோம். கணிப்பொறியைப் போட்டவுடன் டெலீட் விசையை அழுத்தி 'பயோஸ்' பக்கத்திற்குப் போனோம். சில மதர்போர்டுகளில் எப்2. அங்கே விண்டோஸும் இல்லை, வைரஸும் இல்லை. அந்தப் பக்கத்திலேயே விட்டு வைத்தும் அணைந்தால், எந்த மென்பொருளையும் குற்றம் சொல்ல முடியாது. புராசஸரின் வெப்பநிலையும் அங்கேயே எண்ணாகத் தெரியும். சுவிட்சின் கம்பியை உருவி என் கையில் வைத்துக்கொண்டேன். "பையனை நீங்களே மடியில் வைத்துக்கொள்ளுங்கள் ராத்தா" என்று சொல்லி அவரை எதிர்ப்புறம் உட்காரவைத்தேன்.

வேலை எதுவுமின்றிச் சும்மா இருக்கும்போது 35 முதல் 50 வரை இருக்க வேண்டிய எண், தொடங்கும்போதே 58 காட்டிற்று. பிறகு 70, 81, 90. காற்றாடி இரைந்தது. 98 காட்டிய சிறிது நேரத்தில் திரை கறுத்தது. மானிட்டரின் சிறு விளக்கு மட்டும் எரிந்தது.

"சொன்னேன்ல உம்மா" என்றான் பையன். ராத்தா ஒன்றும் பேசவில்லை. அவன் தலையைத் தடவியபடியே இருந்தார்.

பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே சுண்ணாம்புத் தூள் திருநீற்றுப் பை கொட்டியதுபோல் படிந்திருந்தது. ஆனால் மெய்யான காரணம் அதுவன்று. குளிர்விப்பானை விரலால் மெல்ல அசைத்தபோது பல்லாட்டம்போல் ஆடிற்று. அதற்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். மதர்போர்டின் துளைகளில் அவற்றை இறக்கி அழுத்தினால், நடுவிலுள்ள கறுப்பு ஊசி வெள்ளைக் காலின் பிளவை விரித்துப் பற்றிக்கொள்ளும். இரண்டு கால்கள் துளையைவிட்டு மேலே வந்திருந்தன. "பூட்டும்போது நான்கும் 'டிக்' என்றதா?" என்றேன். மூத்தவன் தயங்கி, "இரண்டுதான் மாமா" என்றான். மற்ற இரண்டும் ஓராண்டுக் காலம் ஒப்புக்கு நின்றிருக்கின்றன. வெள்ளையடிக்கும்போது கேபினெட்டைத் தலைகீழாகத் தூக்கிப் போய்க் கட்டிலுக்கடியில் படுக்கவைத்தார்களாம். அந்த அசைவில் அவை கழன்றுவிட்டன. குளிர்விப்பான் ஒருபுறம் தூக்கிக்கொள்ள, சூடு ஏறிச் செல்ல வழி இல்லை.

இத்தகைய பழுதுகளில் எல்லாவற்றுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "இது தொடங்குவதற்குச் சற்று முன் வீட்டில் என்ன மாறிற்று?" என்பதுதான். புதிய ராம் போட்டோமா, இடம் மாற்றினோமா, மழை நீர் சொட்டிற்றா? ராத்தா வீட்டில் அதற்கு விடை சுவரெங்கும் வெள்ளையாய் இருந்தது. எல்லோரும் மேசைக்கடியில் பார்த்தார்கள்.

கழன்ற குளிர்விப்பானை அப்படியே அழுத்திவிடக் கூடாது. புராசஸருக்கும் அதற்கும் இடையே தெர்மல் பேஸ்ட் என்னும் பசை உண்டு. ஒரு தடவை விலகினால் அதில் காற்று புகுந்துவிடும். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிதாக வைக்க வேண்டும். அதிகம் அப்புவதால் நன்மையில்லை. பிறகு மூலைக்கு மூலை எதிரெதிராகக் கால்களை அழுத்தி, நான்கும் ஒலித்தனவா என்று கேட்டு, மதர்போர்டின் பின்புறத்திலும் ஊசி முனை தெரிகின்றதா என்று பார்க்க வேண்டும். பசைக்கு இருநூறு ரூபாய்க்குள் ஆயிற்று. மறுபடி போட்டபோது பயோஸ் பக்கத்தில் 41. வரைபட மென்பொருளை இரண்டு மணி நேரம் ஓட்டியும் 68ஐத் தாண்டவில்லை.

உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கும் இதே நோய்தான் என்று எண்ணிவிட வேண்டாம். எண் 45இலேயே நிற்க, அது பாட்டுக்கு அணைகின்றதென்றால் சூட்டை விட்டுவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துக் கொடுப்பது அதுவே. மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் அளந்தால் 12க்கு 11.4 முதல் 12.6 வரையும், 5க்கு 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். கணிப்பொறி சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, வேலை கூடும்போது சரிந்துவிடுகின்ற எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு. தெரிந்தவரிடம் நல்லதொன்றை இரவல் வாங்கி ஒரு நாள் மாற்றி ஓட்டிப் பார்ப்பதே நிச்சயமான சோதனை. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பி, விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டைப் பூட்டிவிட்டு அல்லல்படும் பிள்ளைகள் அநேகர். ஒன்றை மட்டும் தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள்: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பிள்ளைகள் எக்காரணம் கொண்டும் திறக்க விடாதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் மின்னூட்டம் தேங்கும் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவை தாக்கும்.

மானிட்டரும் சேர்ந்தே அணைகின்றதா? அப்படியானால் கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம். யு.பி.எஸ்.ஸின் பேட்டரி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழக்கும். கண்ணிமைக்கும் நேர மின்வெட்டு. விளக்குகூடச் சரியாக அணைந்திராது. அதற்குள் கணிப்பொறி போய்விடும். யு.பி.எஸ்.ஸில் கணிப்பொறியைக் கழற்றிவிட்டு ஒரு மேசை விளக்கைப் பொருத்தி, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். விளக்கும் உடனே அணைந்தால் பேட்டரியை மாற்றினால் போதும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கின்றதென்றால் அந்த பிளக்குக்கு எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரி செய்த பிறகே கணிப்பொறியைப் போட வேண்டும்.

அணையாமல், நீலத் திரை காட்டி மறுபடி தானே தொடங்குவது வேறு வகை. அங்கே முதலில் ஐயுற வேண்டியது ராம். நீலத் திரையைப் படிக்கும் முன்னே அது மறைந்துவிடுகின்றதென்றால், சிஸ்டம் அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். திரை நிற்கும், அதிலுள்ள பிழைப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை மென்மையான அழிப்பானால் துடைத்துச் செருகினாலே தீரும் பழுதுகள் உண்டு. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்தப் பற்களை விரைவில் கெடுத்துவிடும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மெம்டெஸ்ட்86 என்னும் மென்பொருளை இலவசமாகப் பெறலாம். பென் டிரைவில் வைத்து இரவில் ஓடவிட்டால், காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை மாற்ற வேண்டியதுதான். கூடுதல் வேகத்திற்காகப் பயோஸில் 'எக்ஸ்.எம்.பி.' என்பதைப் பிள்ளைகள் இயக்கி வைத்திருந்தால், ராமைக் குறை கூறும் முன் அதை அணைத்துப் பாருங்கள்.

இவை எதிலும் சிக்காத பழுது இருந்தால், மதர்போர்டின் அடியில் கழன்ற திருகு ஏதும் கிடக்கின்றதா, துளையில்லாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஒன்று கூடுதலாக நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். பின்புறப் பற்றவைப்பில் அது உரசினால் போதும், அணைந்துவிடும். கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் மதர்போர்டு மெய்யாகவே போய்விட்டது. 2000த்தை அடுத்து வந்த ஆண்டுகளில் இப்படி உப்பிய மதர்போர்டுகள் உலகெங்கும் ஏராளம்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராம், எஸ்.எம்.பி.எஸ்., விண்டோஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றியபின் நின்றுவிட்டால், எது நோய் என்று தெரியாமலே பணம் போய்விடும். அதற்கும் முன்னதாக, தட்டச்சு செய்தவற்றையும் படங்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். மூத்தவன் விண்டோஸை அழித்தபோது தங்கையின் பழைய கோப்புகளைத் தனியே எடுத்து வைத்திருந்தான்; அந்த மட்டில் புத்திசாலி. போன பதினோரு பக்கங்களை அவள் மறுபடியும் அடித்து, சொன்ன தேதிக்கு இரண்டு நாள் கழித்துப் பதிப்பகத்தாரிடம் ஒப்படைத்தாள்.

இப்போது அந்த வீட்டில் மாதம் ஒரு தடவை கேபினெட்டைத் திறந்து தூசு தட்டுகின்றார்கள். காற்றாடியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். அது சுழல விடலாகாது. பிடித்துக்கொள்ளும் வேலை இளையவனுக்கு. வெள்ளிக்கிழமை தோறும் பயோஸ் பக்கத்து எண்ணைப் பழைய கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வருகின்றான். சென்ற வாரம் நான் போயிருந்தபோது எடுத்துக் காட்டினான்: 43, 42, 44, 42. ஓரிடத்தில் மட்டும் ஒரு கோடு. "அன்னிக்கு நான் நானா வீட்டுக்குப் போயிட்டேன் மாமா, யாரும் எழுதல" என்றான்.